தாம்பூலப் பையில் போன நிலா கேக்

போன வாரம் ஒரு காலை. ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். டெலிபோன் அடித்தது. ஈரக் கையோடு ஓடிப்போய் எடுத்தால்... சரோஜா.

சரோஜாவை உங்களில் பலருக்குத் தெரியும். இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன் — மெல்போர்னில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருக்கும் திருச்சிக்காரி. பெருங்காயம், தோசைக்கல், வம்பு மூன்றும் எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொது.

"பத்மா, அன்னிக்குக் கொலுவுக்கு வந்தப்போ தாம்பூலத்தோட ஒரு பெட்டி வெச்சுக் கொடுத்தேனே... அந்த நிலா கேக். சாப்பிட்டீங்களா?"

குரல் ஒரு தினுசாக இருந்தது. நான் கவனிக்கவில்லை. கொடுத்தவர்கள் இப்படிக் கேட்டால் நம் வாய் தானாகவே ஒரு பதிலைச் சொல்லுமே — மூளையைக் கேட்காமல்? அதைச் சொன்னேன்.

"ஓ, சாப்பிட்டோமே. ரொம்ப நல்லா இருந்தது. அவர்கூட இன்னொரு துண்டு கேட்டார்."



"குழந்தைங்களும் சாப்பிட்டாங்களா?"

"ஆமா. ஏன்?"

"வயித்துக்கு ஒண்ணும் பண்ணலையே? ஜுரம், வாந்தி... இன்னிக்கு ஸ்கூலுக்குப் போயிருக்காங்களா?" என்று கேட்டவள், நான் பதில் சொல்வதற்குள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

சரோஜா அழுது நான் பார்த்ததில்லை. கப்பலில் வந்த அவளுடைய அம்மிக்கல் துறைமுகத்தில் இரண்டாக உடைந்து வந்தபோதுகூட அழாதவள்.

நிலா கேக் என்றால் என்ன என்று கேட்பீர்கள். சீனர்களுக்கு நம் புரட்டாசியை ஒட்டி ஒரு பௌர்ணமிப் பண்டிகை வருகிறது. குடும்பத்தோடு உட்கார்ந்து நிலாவைப் பார்த்துக்கொண்டே இந்தக் கேக்கைத் தின்பார்கள். உள்ளங்கை அகலம்தான்... ஆனால் நல்ல கனம். மேலே மர அச்சில் அழுத்திய பூவேலை. உள்ளே பூரணம். வழக்கமாகப் பன்றிக்கொழுப்பும், உப்பில் ஊறின வாத்து முட்டையின் மஞ்சள் கருவும் சேர்ப்பார்கள்.

சரோஜாவின் பக்கத்து வீட்டுக்காரர் மிஸஸ் லியோங். மலேசியாவில் ஈப்போக்காரர். அவள் வீட்டில் முட்டைகூட ஆகாது என்று தெரிந்துகொண்டு, சரோஜாவுக்கென்றே தனியாகச் செய்திருக்கிறார். கொழுப்பு இல்லை, முட்டை இல்லை. பாசிப்பருப்பை வேகவைத்து அரைத்து, தேங்காய்ப்பால் விட்டுக் கிளறி, 'இந்தியர்களுக்குச் சர்க்கரை வியாதி வரும்' என்று எங்கோ கேள்விப்பட்டுச் சர்க்கரையையும் குறைத்து... நாலு கேக். இவ்வளவு அக்கறையாக யார் நமக்குச் செய்கிறார்கள்?

சரோஜா ஒன்றை வெட்டி வீட்டில் எல்லோருக்கும் கொடுத்தாள். அச்சு அழகாக இருக்கிறதே, நவராத்திரிக்கு ஆகுமே என்று மீதியை அலமாரியில் எடுத்து வைத்தாள். பௌர்ணமி போய், அமாவாசை போய், கொலு வைத்தபோது ஒரு கேக் செட்டியார் பொம்மையின் கடையில் உட்கார்ந்தது. பக்கத்திலேயே காஸ் ஹீட்டர். இரண்டு எனக்கு வந்தன. அவளுடைய கணக்கு என்ன தெரியுமா? சைனா டவுன் கடையில் இதையே டப்பாவில் போட்டு வாரக்கணக்கில் அடுக்கி வைத்திருக்கிறார்கள், கெடுகிறதா என்ன? நம் அதிரசம் கெடுகிறதா? நாள் ஆக ஆகத்தானே அதற்கு ருசியே?

நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

அன்று காலை கொலுவைப் பிரித்திருக்கிறாள். உதவிக்கு வந்த மிஸஸ் லியோங், செட்டியாரின் கடையில் தன்னுடைய கேக் இருப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாராம். கத்தியை வாங்கி வெட்டியிருக்கிறார். வெளியே பூவேலை அப்படியே இருக்க, உள்ளே பூரணம் நூல் நூலாக இழுத்ததாம். புளித்த நாற்றம். பச்சையாக ஒரு படலம்.

"நீங்க எல்லாரும் சாப்பிட்டிருக்கீங்க, பத்மா" என்று விசும்பினாள் சரோஜா. "குழந்தைங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா..."

"சரோஜா, அழாதீங்க. நாங்க சாப்பிடலை."

"இப்பத்தானே நல்லா இருந்ததுன்னீங்க?"

"சும்மா சொன்னேன். பெட்டியையே திறக்கலை."

அப்புறம் மெல்லக் கேட்டாள். "அப்ப கேக் எங்கே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நவராத்திரித் தாம்பூலத்தின் லட்சணம் உங்களுக்குத் தெரியாததா? ஒரு வீட்டில் கொடுத்த ரவிக்கைத் துணி இன்னொரு வீட்டுக்குப் போகும். அங்கிருந்து மற்றொரு வீட்டுக்கு. யாரும் தைத்துப் போட்டுக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை. மெல்போர்னில் எங்களிடம் ஒரு மஞ்சள் துணி இருக்கிறது — ஓரத்தில் சின்ன மைக்கறை. போன வருஷம் என்னிடம் வந்தது, போனது, இந்த வருஷம் மறுபடியும் வந்து சௌக்கியமா என்று கேட்டது. வெற்றிலை கிடைக்காத ஊர். தேங்காய் கிடைத்தால் அதிர்ஷ்டம். வந்தவர்களை வெறும் ஆப்பிளும் குங்குமமுமாகவா அனுப்ப முடியும்?

ஆகவே, சரோஜா கொடுத்த பெட்டி என் வீட்டு ஃபிரிட்ஜின் தலையில் சில நாள் உட்கார்ந்திருந்தது. உள்ளே வைக்க ஏது இடம்? இட்லி மாவு, தயிர், கொலுவுக்கு ஊறவைத்த கடலை... மேலே வைத்தால் மோட்டார் சூட்டில் மாவு நன்றாகப் பொங்குமே, அந்த இடத்தில் கேக் இருந்தது. எங்கள் வீட்டுக் கொலுவுக்கு வந்த ஒருத்தியின் பையில் அதை வைத்துக் கொடுத்தேன்.

"யாருக்குக் கொடுத்தீங்க?" என்று கேட்டாள் சரோஜா.

"வசந்திக்கு" என்றேன்.

எதிர்ப்பக்கம் அவள் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது.

வசந்தி அவளுடைய நிஜப் பெயர் இல்லை. எழுதலாமா என்று கேட்டேன். 'எழுதுங்கோ அக்கா, பேரை மட்டும் மாத்திப் போடுங்கோ' என்றாள். யாழ்ப்பாணத்துப் பெண். கணவன் நாதன் டான்டினாங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் என்ஜினீயர். கிரான்பர்னில் வீடு. மெல்போர்ன் என்று தபாலில் எழுதலாமே ஒழிய, குதிரைகள் மேய்கிற இடம். வாசலில் நின்று பார்த்தால் அடுத்த வீடு தூரத்தில் தெரியும்.

அவளுக்கு இது மூன்றாவது கர்ப்பம். முதல் இரண்டும் தங்கவில்லை. இப்போது ஏழாம் மாதம். கொலுவுக்கு வந்தபோது வயிற்றின் மேல் கையை வைத்தபடியேதான் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கும்போதும் கையை எடுக்கவில்லை.

நம்பரைச் சுற்றினேன். விரல் இரண்டு தடவை தப்பியது.

"ஹலோ... ஓ, பத்மாக்காவே? சுகமா இருக்கிறியளே?"

குரல் சன்னமாக இருந்தது. தூங்கி எழுந்த குரலா, வேறு எதுவுமா? எனக்கு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. எப்படிக் கேட்டாலும் அசிங்கம்தான். நேரே கேட்டேன்.

"வசந்தி, அன்னிக்குக் கொடுத்தேனே ஒரு கேக்... அதைச் சாப்பிட்டியாம்மா?"

"ஓம் அக்கா, சாப்பிட்டனான். நல்ல ருசி. இவருக்கும் நல்ல விருப்பம்."

எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் அதே நொடியில் இன்னொன்றும் தோன்றியது. இதே பதிலை, ஏறக்குறைய இதே வார்த்தைகளில், ஐந்து நிமிஷம் முன்னால் நான் சரோஜாவுக்குச் சொல்லவில்லையா? 'அவர்கூட இன்னொரு துண்டு கேட்டார்!' அப்படியானால் இவளும் பெட்டியைத் திறக்கவே இல்லையோ? இந்நேரம் அது வேறு யார் வீட்டிலோ இருக்கிறதோ? தெய்வமே, அப்படி இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"மரியாதைக்குச் சொல்ல வேண்டாம், வசந்தி. நான் கோவிச்சுக்க மாட்டேன். நிஜமா சாப்பிட்டியா? அது கெட்டுப்போன கேக்காம். இப்பத்தான் தெரிஞ்சுது."



"இல்லை அக்கா" என்றாள். "சாப்பிடேல்லை. சும்மா சொன்னனான். எறிஞ்சுபோட்டன்."

இப்போது சொல்லுங்கள். எதை நம்புவது? சாப்பிட்டேன் என்றது மரியாதையா, சாப்பிடவில்லை என்பது மரியாதையா? நாம்தான் மூச்சு விடுகிற மாதிரி இந்தச் சின்னச் சின்னப் பொய்களைச் சொல்கிறவர்களாயிற்றே. கொடுத்தவர் மனசு நோகக் கூடாது என்று ஒரு பொய். அதே ஆள் பயந்துவிடக் கூடாது என்று உடனே எதிர்ப்பொய். ஒரு பெண் விஷத்தைத் தின்றாளா இல்லையா என்று தெரிந்துகொள்ள வேண்டும்... என்னால் முடியவில்லை.

"பொறுங்கோ அக்கா" என்றாள் திடீரென்று. ரிசீவர் மேஜையில் விழும் சத்தம். கதவு. அப்புறம் தூரத்தில், குடலே வெளியே வருவது போல் ஓங்கரிக்கும் சத்தம்.

திரும்பி வந்து, "ஒண்டும் இல்லை, சத்திதான். மாசமா இருக்கேக்க வாறதுதானே" என்றாள்.

நானும் இரண்டு பெற்றவள். ஏழாம் மாதத்தில் அது வருவதில்லை.

என் வீட்டுக்காரர் ரயிலில் ஆபீஸ் போகிறவர் என்பதால் கார் வீட்டில் இருந்தது. எனக்கு லைசென்ஸ் மூன்றாம் தடவைதான் கிடைத்தது என்பதை இதே பக்கத்தில் படித்துச் சிரித்திருக்கிறீர்கள். தெருக்கோடி மில்க் பார் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓட்டுகிறவள் நான். நெடுஞ்சாலையில் போனதில்லை. சொல்லிக்கொள்ள அதுவா நேரம்? குழந்தைகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வரச் சொல்லி வீட்டுச் சாவியைச் சரோஜாவிடம் கொடுக்க அவள் வீட்டு வாசலில் நிறுத்தினேன். கேட்டின் அருகில் மிஸஸ் லியோங் கைப்பையோடு நின்றுகொண்டிருந்தார். ஏப்ரனைக்கூட அவிழ்க்கவில்லை.

"நானும் வருகிறேன்" என்றார். கேட்கவில்லை, சொன்னார். கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிட்டார்.

ரோட்டோரப் போர்டுகளில் இப்போது மைலை எடுத்துவிட்டுக் கிலோமீட்டர் எழுதிவிட்டார்கள். எங்கள் பழைய ஹோல்டன் காரின் முள்ளோ இன்னும் மைலில்தான் நிற்கிறது. நான் வேகமாகப் போகிறேனா, மெதுவாகப் போகிறேனா? கடவுளுக்குத்தான் வெளிச்சம். லாரிகள் பக்கத்தில் உரசுகிற மாதிரி போகும்போதெல்லாம் கார் ஆடியது. நான் கந்தர் சஷ்டி கவசம் சொல்ல ஆரம்பித்து, பாதியில் மறந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

மிஸஸ் லியோங் மடியில் கைகளைப் பின்னிக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடி தனக்குத்தானே சொல்வது போல் பேசிக்கொண்டே வந்தார். கடையில் விற்பது வேறு, வீட்டில் செய்வது வேறு. கடைக் கேக்கில் சர்க்கரையும் கொழுப்பும் மூழ்க மூழ்கப் போட்டிருப்பதால்தான் அது வாரக்கணக்கில் நிற்கிறது. தான் செய்ததில் கொழுப்பே இல்லை, சர்க்கரையும் குறைவு. பருப்பும் தேங்காயும் ஈரம். அதை அன்றைக்கே மூடி போட்ட டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்து, இரண்டு மூன்று நாளில் தின்று தீர்க்க வேண்டும். வெளியே எடுத்தால் மறுபடி உள்ளே வைத்து, மறுபடி வெளியே எடுத்து என்று விளையாடக் கூடாது. ஓரத்தில் பூஞ்சை தெரிந்தால், அந்த இடத்தை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மீதியைத் தின்னலாம் என்று நினைக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரிவது கொஞ்சம்தான், மீதி உள்ளே இருக்கும்.

"எங்கள் ஊரில் இதை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எல்லோருக்கும் தெரியும்" என்றார். "அதனால்தான் சரோஜாவுக்கும் சொல்லவில்லை. சைவக்காரர்களுக்கு என்று நான் மாற்றிச் செய்யாமல் இருந்திருந்தால்... இத்தனை நாள் வெளியே இருந்தும் ஒருவேளை கெட்டிருக்காது."

ஸ்டியரிங்கை விட்டு ஒரு கையை எடுக்கத் தைரியம் இருந்தால் அவர் கையைப் பிடித்திருப்பேன்.

வசந்தி கதவைத் திறந்தாள். திறந்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் ரத்தமே இல்லை. உதடு வெடித்திருந்தது. அப்போதும் அந்தப் பெண் சொன்னது என்ன தெரியுமா?

"வாங்கோ அக்கா. இருங்கோ. தேத்தண்ணி போடுறன்."

நாற்காலியை இழுத்துப் போடப் போனவளைப் பிடித்து உட்கார வைத்தேன். மிஸஸ் லியோங் நேரே சமையலறைக்குப் போய், குழாய்த் தண்ணீரில் சர்க்கரையும் உப்பும் கலக்கிக்கொண்டு வந்தார். ஒரு வாய் குடித்தாள். தங்கவில்லை.

"வசந்தி, எத்தனை சாப்பிட்டே? சொல்லும்மா."

"ஒண்டும் சாப்பிடேல்லை எண்டு சொன்னனான்தானே."

"நான் கொடுத்த கேக்குதானே? எப்ப சாப்பிட்டே? நிஜத்தைச் சொல்லு."

"என்னத்தைச் சாப்பிட்டனீ எண்டு மட்டும் கேக்காதேங்கோ அக்கா."

சொல்லிவிட்டு அழுதாள். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள்.

முதல் பிள்ளை போனபோது யாழ்ப்பாணத்தில் இருந்தாள். பார்க்க வந்த அத்தனை பேரும் கேட்ட முதல் கேள்வி அதுதான். என்னத்தைச் சாப்பிட்டனீ? பப்பாப்பழமோ? அன்னாசியோ? எள்ளுருண்டை தின்றிருப்பாய். இரண்டாவது போனது இங்கே. கடிதம் வந்தது, கடிதம் முழுக்க அதுதான். இங்கே இருந்தவர்களும் அதையேதான் கேட்டார்கள். இரண்டு தடவையும் அவள் எதுவும் தின்னவில்லை. டாக்டர்கள் அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று சொன்னார்கள். யார் காதில் விழுந்தது? ஏதோ தின்றுதான் பிள்ளையைக் கொன்றுவிட்டாள் என்று ஊர் தீர்மானித்தாயிற்று.

இந்த முறை மாமியார் கடிதத்துக்குக் கடிதம் ஆகாது என்று எழுதினதையெல்லாம் விலக்கினாள். முருங்கைக்காய்கூடக் கிடைக்காத இந்த ஊரில் அவளுக்கு மிஞ்சியது ரொட்டியும் பாலும்தான். விஜயதசமியன்று நாதன் வேலைக்குப் போனபின், தனியாக இருந்தபோது, பெட்டியைத் திறந்தாள்.

"ஆசையாக் கிடந்தது அக்கா. பருப்பும் தேங்காயும் வாசம். எங்கட மோதகம் மாதிரி. ஓரத்தில வெள்ளையாக் கொஞ்சம் இருந்தது... அதை வெட்டிப்போட்டன். ரெண்டையும் சாப்பிட்டுட்டன். இவருக்குக்கூட வைக்கேல்லை."

"நாதனுக்குத் தெரியுமா?"

"சொல்லேல்லை. அவரும் கேப்பார்."

பிறகு என் கையைப் பிடித்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள். அவள் விரல்கள் பனிக்கட்டியாக இருந்தன.

"காலமையிலயிருந்து பிள்ளை அசையேல்லை அக்கா."

எப்படிக் காரை எடுத்தேன், எப்படி டான்டினாங் வந்தேன், எனக்கு ஞாபகம் இல்லை. பின்சீட்டில் வசந்தி படுத்திருந்தாள். அவள் தலை மிஸஸ் லியோங் மடியில். கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம், அந்த அம்மாள் வசந்தியின் நெற்றியை வருடிக்கொண்டே உதட்டுக்குள் ஏதோ முணுமுணுப்பது தெரிந்தது. கவசமாகத்தான் இருக்க வேண்டும்... அவர்களுடைய கவசம்.

ஆஸ்பத்திரியில் யாரும் சத்தம் போடவில்லை. அதுவே எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கட்டிலில் படுக்க வைத்தார்கள். கையில் ஊசி ஏற்றி, பாட்டிலைத் தொங்கவிட்டார்கள். வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு சிஸ்டர் வந்தாள். வயிற்றைத் தடவிப் பார்த்தாள். மரத்தில் செய்த, புனல் மாதிரி ஒரு குழல் வைத்திருந்தாள். அகலமான பக்கத்தை வயிற்றில் வைத்து, மறுமுனையில் காதை வைத்துக் குனிந்தாள்.

அந்தக் குழலில் வைத்திருக்கும் காதுக்கு மட்டும்தான் குழந்தையின் இதயத்துடிப்பு கேட்குமாம். மற்ற யாருக்கும் கேட்காது. வசந்திக்கே கேட்காது. எங்களுக்கு இருந்ததெல்லாம் அந்த சிஸ்டரின் முகம்தான்.

கேட்டாள். நிமிர்ந்தாள். இடம் மாற்றி வைத்தாள். மறுபடி குனிந்தாள். நெற்றி சுருங்கியது. இன்னும் கொஞ்சம் கீழே நகர்த்தினாள். மிஸஸ் லியோங்கின் நகம் என் மணிக்கட்டில் பதிந்தது. வசந்தி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்... முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. எனக்கும்தான் இல்லை. ஆனால் யாராவது பார்த்துத்தானே ஆக வேண்டும்?

இத்தனை நாளில் நான் எதற்கெல்லாமோ பயந்திருக்கிறேன். டிரைவிங் டெஸ்டுக்கு, சிலந்திக்கு, டெலிபோனில் ஆங்கிலம் பேசுவதற்கு. அதெல்லாம் பயமே இல்லை என்று அன்றைக்குத் தெரிந்தது.

சிஸ்டரின் கண் இடது பக்கமாகத் திரும்பியது. தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். உதடு மெல்ல அசைந்தது. எண்ணுகிறாள். எண்ணுகிறாள் என்றால்...

"இதோ இருக்கிறான்" என்றாள். "மூலையில் போய்ச் சுருண்டுகொண்டிருக்கிறான். திருட்டுப் பயல்."

வசந்திக்கு என்ன சொன்னார்கள் என்று உடனே புரியவில்லை. நான் தமிழில் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை என்று நினைக்கிறேன், இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது. மிஸஸ் லியோங் நாற்காலியைத் தேடி உட்கார்ந்து, ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டார்.

டாக்டர் சொன்னது இதுதான். வாந்தியாலும் பேதியாலும் உடம்பிலிருந்த தண்ணீர் வற்றிவிட்டது. தாய் வாடினால் குழந்தையும் வாடி அடங்கிவிடும். இன்னும் பொறுத்திருந்தால் வலி கண்டிருக்கும். நல்ல வேளை, வந்தீர்கள். சில நாள் இங்கேயே இருக்கட்டும்.

நாதன் தொழிற்சாலை உடுப்போடு ஓடி வந்தான். வாசலிலேயே நிறுத்தி, இன்னதைக் கேட்கலாம், இன்னதைக் கேட்கக் கூடாது என்று ஒரு சின்னப் பிரசங்கம் செய்தேன். பாவம், தலையைத் தலையை ஆட்டினான். உள்ளே போய் அவள் தலைமாட்டில் நின்று, "பயந்துபோனியே?" என்று மட்டும் கேட்டான்.

ஆகவே, வாசகர்களே... பண்டம் வந்தால் அன்றைக்கே பெட்டியைத் திறந்து பாருங்கள். எப்போது செய்தது, எத்தனை நாள் தாங்கும் என்று வெட்கப்படாமல் கேளுங்கள். ஃபிரிட்ஜுக்குள் இட்லி மாவை நகர்த்தி இடம் பண்ணுங்கள். உங்களுக்கு வேண்டாம் என்றால் கொடுத்தவரிடமே சொல்லிவிடுங்கள் — ரவிக்கைத் துணி ஊர் சுற்றினால் யாருக்கும் நஷ்டமில்லை, தின்னும் பண்டம் அப்படி இல்லை. 'சாப்பிட்டீர்களா?' என்று யாராவது கேட்டால், தயவுசெய்து, உள்ளதைச் சொல்லுங்கள். நானும் பழகிக்கொண்டிருக்கிறேன். நேற்று ஒருத்தி தான் கொடுத்த மைசூர்பாகு எப்படி என்று கேட்டாள். சுத்தியல் தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன். இன்னும் அவள் என்னோடு பேசவில்லை.

மறுநாள் மாலை பார்வையாளர் நேரத்தில் போனேன். வசந்தியின் முகத்தில் கொஞ்சம் நிறம் திரும்பியிருந்தது. உள்ளே பயல் உதைக்கிறானாம். மிஸஸ் லியோங் எனக்கு முன்பே வந்து கட்டிலோரம் உட்கார்ந்திருந்தார். கையில் ஒன்றுமில்லை — பண்டம் என்று எதையும் கொண்டுவர அவருக்குப் பயம்.

சற்று நேரத்தில் யாழ்ப்பாணத்து அம்மாள் ஒருவர் வந்தார், எல்லோருக்கும் 'அன்ரி'. நல்ல மனுஷிதான். ஃபிளாஸ்கில் கஞ்சி, நெற்றி நிறைய விபூதி. விஷயம் அரைகுறையாகக் காதில் விழுந்திருக்க வேண்டும். வசந்தியின் தாடையைத் தொட்டார். மிஸஸ் லியோங்கை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, கட்டில் அதிரும்படி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

"என்ன பிள்ளை... என்னத்தைச் சாப்பிட்டனீ?"

வசந்தியின் கை போர்வைக்குள் போய் வயிற்றைப் பொத்திக்கொண்டது. பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"நான் கொடுத்ததைத்தான் சாப்பிட்டா, அன்ரி. இனிமே யாரு விசாரிச்சாலும் என்கிட்ட அனுப்புங்க."